பாதிச் சம்பளம் அரிசி மூட்டையில வருது

தம்பி, அந்தச் சம்பளச் சீட்டை மடிச்சு ஜோபியில வெச்சுக்கோ. எனக்குக் காட்டாத. பென்னலூர்ல என் வயசு ஆளுங்கோ யாரும் சீட்டைப் பாத்து மனுஷனைக் கணக்குப் போடுறதில்ல. அரிசி எங்கேருந்து வருது, ராத்திரி யார் வூட்டுக் கூரைக்குக் கீழ படுக்குற, அழுக்குத் துணியை யாரு தொவைக்கிறது, இந்த மூணையும் சொல்லு. பத்து வருஷம் கழிச்சு உன் கையில துட்டு நிக்குமா நிக்காதான்னு இப்பவே சொல்றேன். ஜோசியம் இல்ல. ரூம் கட்டி வாடகைக்கு வுடுறவனுக்கு மாசாமாசம் அஞ்சாந்தேதி தானா வர்ற ஞானம்.

உன் சீட்டுல இன்னா இருக்கும்னு எனக்குத் தெரியாதா? மொத்தம் 18,000ன்னு வெச்சுக்குவோம். அதுல பேசிக் 12,000. மீதியெல்லாம் வாடகைப் படி, போக்குவரத்துப் படின்னு பேரு வெச்ச புள்ளைங்கோ. பேசிக்ல நூத்துக்கு 12ன்னு பி.எஃப். 1,440 புடிப்பான். ஈ.எஸ்.ஐ. முக்கால் பர்சன்ட், 135. கேண்டீனுக்கு ஏதோ கொஞ்சம். கம்பெனிக்காரனும் தன் பங்குக்கு 12 பர்சன்ட் போடுறான்னு நீ சந்தோஷப்படுவ. அதுல 8.33, அதாவது மாசம் 1,000 ரூபா, பென்ஷன் கணக்குக்குப் பூடும். உன் பி.எஃப்.ல சேர்றது 440. பென்ஷன் 58 வயசுல. அதுக்கும் பத்து வருஷ சர்வீஸ் வேணும். அந்த 58 வயசுல நீ எந்தக் கம்பெனியில இருப்பேன்னு நான் கேக்க மாட்டேன். அந்தக் கம்பெனி எந்த தேசத்துல இருக்கும்னும் கேக்க மாட்டேன். பெரியவங்கோ அபசகுனமா பேசக் கூடாது.

ஆனா நோக்கியாவைப் பத்திப் பேசலாம். செத்தவங்களைப் பத்திப் பேசினா சகுனம் கெடாது. 2006ல ஸ்ரீபெரும்புதூர்ல தொறந்தான். ஊர் ஊரா பஸ்ஸு வுட்டு பசங்களையும் பொண்ணுங்களையும் இட்டுனு வந்தான். அப்பால வரி வழக்கு வந்துச்சு. மைக்ரோசாஃப்ட்டுக்குப் போன் வியாபாரத்தை வித்தப்போ இந்த ஃபேக்டரி அந்தக் கிரயத்துல சேரல. 2014 நவம்பர் 1ஆம் தேதி மூடிட்டான். மூடுறதுக்கு முன்னாடி விருப்ப ஓய்வு குடுத்தான் பாரு, அதுதான் கூத்து. இருபத்தஞ்சு வயசுப் பசங்கோ ஓய்வு வாங்கினு ரூமுக்கு வந்தாங்கோ! எங்க நைனா எண்பது வயசு வரைக்கும் ஏர் ஓட்டுனாரு, அவருக்கு யாரும் ஓய்வு குடுக்கல, விருப்பத்தையும் கேக்கல. இப்போ அதே எடத்துல சால்காம்ப்காரன் சார்ஜர் பண்றான். எடம் சும்மா இருக்காது, நீ கவலைப்படாத. ஆளுதான் மாறும்.

அப்போ என்கிட்ட ஒரே ரூம்ல ரெண்டு பசங்கோ இருந்தாங்கோ. ஒரே லைன், ஒரே வயசு, கைக்கு வந்த துட்டும் ஏறக்குறைய ஒண்ணு. ஒருத்தனுக்கு செய்யாறு பக்கம் நைனா இருந்தாரு, கழனி இருந்துச்சு, ரெண்டு கறவை மாடு இருந்துச்சு. அவன் மூட்டையைக் கட்டிகினு ஊருக்குப் போயி எட்டு மாசம் தின்னுட்டுத் தூங்கி, நல்ல கம்பெனியா பாத்து மறுபடியும் வந்தான். இன்னொருத்தனுக்குத் தங்கச்சி கல்யாணக் கடன், வண்டிக்கு மாசத் தவணை. அடுத்த திங்கக்கெழமையே ஒரு வெண்டர் கம்பெனியில முன்ன வாங்கினதை விட ஆயிரக்கணக்குல கம்மியா ஒத்துகினு சேந்துட்டான். இன்னிக்கு வரைக்கும் அந்தப் பள்ளத்துலேருந்து ஏறல. இதுல யாரு தெறமைசாலின்னு எச்.ஆர். அம்மாவைக் கேளு, ரெண்டாவது ஆளுக்கு நெகோஷியேஷன் தெரியலன்னு சொல்லுவாங்கோ. அவனுக்குப் பேரம் பேசத் தெரியாம இல்ல தம்பி. பேரம் முடியற வரைக்கும் சோறு போட ஆளு இல்ல.

இப்போ உன் கதைக்கு வா. திருக்கோவிலூர்லேருந்து மூணு மாசத்துக்கு ஒருக்கா அரிசி மூட்டை வருது, இல்ல? கூடவே புளி, மொளகாத்தூள், உங்க ஆயா போட்ட வடகம். அந்த மூட்டை பஸ்ஸுல ஏறி வர்றப்போ யாரும் அதுக்கு சம்பளம்னு பேரு வெக்கிறதில்ல. ஆனா அது சம்பளம்தான். கம்பெனி குடுக்க வேண்டியதை உங்க அம்மா குடுக்குறாங்கோ. 18,000ல நீ ஒரு ஆளு பொழைக்கலாம்னு கம்பெனிக்காரன் கணக்குப் போட்டிருக்கான் பாரு, அந்தக் கணக்குல உங்க அம்மா ஒரு பார்ட்னரு. லாபத்துல மட்டும் பங்கு கெடையாது.

அம்மா மட்டும் இல்ல, அரசாங்கமும் பார்ட்னருதான். 2011லேருந்து ரேஷன்ல அரிசி இனாம். 2021லேருந்து டவுன் பஸ்ஸுல பொம்பளைங்களுக்கு டிக்கெட் கெடையாது. 2023 செப்டம்பர் 15 அன்னிக்கு மாசம் 1,000 ரூபா உரிமைத் தொகையை நம்ம காஞ்சிபுரத்துலயே வந்து ஆரம்பிச்சு வெச்சாங்கோ. உங்க அம்மாவுக்கும் வருதுல்ல? அந்த ஆயிரத்துலதான் உனக்கு மூட்டை ஏத்துற கூலி. கொரியாக்காரன், தைவான்காரன், ஜப்பான்காரன் எல்லாரும் நம்ம ரேஷன் கடைக்கு ஒரு நாள் மாலை வாங்கினு வந்து மரியாதை பண்ணணும். அவங்கோ ஆளுக்குக் குடுக்குற கூலி கட்டுபடி ஆவுறதே அந்தத் தராசு மேலதான். நான் இனாமைக் குறை சொல்லல, எனக்கும் ஒரு கார்டு இருக்குது. பலன் யாரு வரைக்கும் போவுதுன்னு மட்டும் பாக்கச் சொல்றேன்.

இதெல்லாம் யாருக்கும் தெரியாத ரகசியமும் இல்ல. என் ரூம்ல முன்ன ஒரு யூனியன் தோழர் இருந்தாரு. வாடகை லேட்டா குடுப்பாரு, விஷயம் சீக்கிரமா குடுப்பாரு. அவரு சொன்னது. 1957ல டெல்லியில பதினஞ்சாவது தொழிலாளர் மாநாடுன்னு கூடி, குறைஞ்ச கூலின்னா இன்னான்னு ஒரு கணக்குப் போட்டாங்கோ. சம்பாதிக்கிறவன் ஒருத்தன். அவன் ஒரு பங்கு, பொண்டாட்டி முக்கா பங்குக்குக் கொஞ்சம் மேல, ரெண்டு புள்ளைங்கோ ஆளுக்கு அரைக்குக் கொஞ்சம் மேல, ஆக மொத்தம் மூணு பங்கு வாய். பங்குக்கு 2,700 கலோரி சோறு. குடும்பத்துக்கு வருஷம் 72 கஜம் துணி. வூட்டு வாடகை. வெறகு, வெளக்கு, சில்லறைச் செலவுக்கு நூத்துக்கு 20. அப்பால 1991ல நம்ம மெட்ராஸ் ரெப்டகாஸ் பிரெட் கம்பெனித் தொழிலாளிங்கோ போட்ட வழக்குல சுப்ரீம் கோர்ட்டு சொல்லுச்சு, இது பத்தாது, புள்ளைங்கோ படிப்பு, வைத்தியம், பண்டிகை, கல்யாணம், வயசான காலம் எல்லாத்துக்கும் சேத்து இன்னும் 25 பர்சன்ட் போடுன்னு.

ஆக, சட்டத்துக்கே தெரியுது கூலின்னா குடும்பத்துக்குன்னு. கேட்டாண்ட நிக்கற கான்ட்ராக்ட்காரனுக்கு மட்டும்தான் நீ தனிக்கட்டை. அந்த மாநாட்டுக் கணக்கு மேலயும் எனக்கு ஒரு வருத்தம் இருக்குது. மூணு பங்குல அப்பன் ஆத்தாளுக்கு வாய் கெடையாது. 72 கஜத்துல எனக்குன்னு ஒரு கோவணத் துணி கிழிக்க முடியாது. கெழவனுங்கோ காத்தைக் குடிச்சு வாழுவாங்கோன்னு டெல்லியில நெனச்சுட்டாங்கோ போல. அதனாலதான் நான் ரூம் கட்டினேன்.

ரூம் விஷயத்துல எல்லாத்தையும் வெளிப்படையா சொல்லிடுறேன், நாளைக்கு நீயும் கட்டுவ. ரூம் வாடகை 6,000. ஒருத்தன் இருந்தா முகத்துல களை இருக்காது, நாலு பேரு இருந்தா ஆளுக்கு 1,500, எல்லாரும் சிரிப்பாங்கோ. நாலு பேரு இருந்தா நான் 7,000 கேப்பேன், தண்ணி ஜாஸ்தி ஆவுதுல்ல. வூட்டுக் கனெக்‌ஷனுக்கு ரெண்டு மாசத்துக்கு 100 யூனிட் இனாம்னு 2016லேருந்து அரசாங்கம் குடுக்குது. அந்த இனாம் மெயின் மீட்டர் வரைக்கும் வந்து நின்னுடும். உன் ரூம் சப் மீட்டர்ல யூனிட் 9 ரூபா. அட்வான்ஸு வாடகையில மூணு மடங்குக்கு மேல வாங்கக் கூடாதுன்னு 2017ல ஒரு சட்டம் போட்டு 2019ல நடைமுறைக்குக் கொண்டாந்தாங்கோ. அதுலயே ‘வேற மாதிரி ஒப்பந்தம் இருந்தா ஒழிய’ன்னு ஒரு சந்து வெச்சிருக்காங்கோ. சட்டம் எழுதினவருக்கும் ரெண்டு ரூம் இருந்திருக்கும். என்னைத் திட்டாத. ஓவர் டைம் பாத்தா ரெட்டைச் சம்பளம்னு சட்டம் சொல்லுது. நீ ராத்திரி கண்ணு முழிச்சு சேத்த அந்த ரெட்டையில ஒரு ஒத்தை நேரா என்கிட்ட வருது. நான் கண்ணு முழிக்கிறதே இல்ல, ஒம்பது மணிக்கெல்லாம் படுத்துடுவேன்.

ஏரியில எவ்ளோ தண்ணி வந்துச்சுங்கிறது பேச்சில்ல தம்பி, மதகு சாவி யார் கையில இருக்குதுங்கிறதுதான் பேச்சு. எங்க ஊர்ல 1996ல அந்தச் சாவி கை மாறுச்சு. இருங்காட்டுக்கோட்டையில ஹூண்டாய்க்கு அஸ்திவாரம் போட்டாங்கோ, 1998ல முதல் சான்ட்ரோ வெளிய வந்துச்சு. அதுக்கு முன்னாடி இந்தக் கழனியை அடமானம் வெக்கப் போனா சேட்டு மூக்கைச் சொறிவாரு. அப்பால அதே சேட்டு எங்களைப் பாத்து எழுந்து நின்னாரு. பங்காளிங்கோ நாலு பேரும் பாகம் பிரிக்க உக்காந்தோம். நாலு பங்குன்னு சந்தோஷமா கயிறு புடிச்சு அளந்துகினு இருந்தப்போ, தங்கச்சி ஆட்டோவுல வந்து எறங்குனா, வக்கீலோட.

பொட்டச்சிக்கு இன்னா பங்குன்னு பெரியண்ணன் கத்துனாரு. வக்கீல் பொறுமையா சொன்னாரு, பொண்ணுக்கும் பூர்வீகச் சொத்துல சமபங்குன்னு தமிழ்நாட்டுல சட்டம் இருக்குது, 1989 மார்ச் 25ஆம் தேதிக்கு முன்னாடி கல்யாணம் ஆனவங்களுக்கு மட்டும்தான் கெடையாதுன்னு. தங்கச்சிக்குக் கல்யாணம் ஆனது அதே வருஷம் ஆவணியில. தையிலயே முடிக்கலாம்னு நான் சொன்னேன், பெரியண்ணன்தான் நகைக்கு துட்டு பத்தல, ஆவணிக்குத் தள்ளுன்னாரு. வரதட்சணைக்குப் பாத்து ஏழு மாசம் தள்ளினாரு, கழனியில அஞ்சுல ஒரு பங்கு போச்சு. எங்க குடும்பத்துலயே லாபமான தள்ளிவெப்பு அதுதான், தங்கச்சிக்கு. பெரியண்ணன் தன் பங்கை வித்து ஸ்கார்ப்பியோ வாங்குனாரு. நடு அண்ணன் புள்ளைக்கு ஊரே மெச்ச கல்யாணம் பண்ணாரு. தங்கச்சி பேசாம ரூம் கட்டினா. இன்னிக்கு அவளுக்கு என்னை விட ரூம் ஜாஸ்தி, வாடகையும் ஜாஸ்தி, ஏன்னா அவ சப் மீட்டர்ல ஏமாத்த மாட்டா, பசங்கோ தேடிப் போறாங்கோ. அந்தப் பேச்சு வேணாம், வுடு.

பாகப்பிரிவினைன்னதும் ஞாபகம் வருது. 2024 அக்டோபர்ல ஹூண்டாய் பங்கு வித்தான்ல, 27,870 கோடி. அதுவரைக்கும் இந்தியாவுலயே அவ்ளோ பெரிய பங்கு வெளியீடு வந்ததில்லன்னாங்கோ. அத்தனையும் ஏற்கெனவே இருந்த பங்கை வித்தது, இங்க ஒரு செங்கல்லு வெக்க அதுலேருந்து துட்டு வரல. முழுசா கொரியாவுல இருக்கற தாய்க் கம்பெனிக்குப் போச்சு. எனக்குக் கோவம் வரல, கண்ணு கலங்குச்சு. புள்ளை தூர தேசத்துல ஒழைச்சு ஒரு பைசா விடாம அம்மாவுக்கு அனுப்புறான். நீ மாசம் 4,000 ஊருக்கு அனுப்பவே மூக்கால அழுவுற.

சரி, பொம்பளைப் புள்ளைங்க கதைக்கு வருவோம், ஏன்னா நீ எதுக்கு என்னைச் சுத்திச் சுத்தி வர்றேன்னு எனக்குத் தெரியும். இந்த ரோட்டுல குடும்பம்ங்கிற ஒண்ணுக்கு ஆம்பளைக்கு ஒரு வெலை, பொம்பளைக்கு ஒரு வெலை. உனக்குக் கல்யாணம் ஆனா மேஸ்திரி, ‘பொறுப்பு வந்துடுச்சு, இனி லீவு போட மாட்டான்’னு தட்டிக் குடுப்பாரு. அதே லைன்ல நிக்கற பொண்ணுக்குக் கல்யாணம் ஆனா, ‘இனி இது நிக்காது’ன்னு மூஞ்சைத் திருப்புவாரு. 2024 ஜூன்ல ராய்ட்டர்ஸ்காரங்கோ ஒரு செய்தி போட்டாங்கோ, ஃபாக்ஸ்கான்ல ஐபோன் பூட்டுற வேலைக்குக் கல்யாணம் ஆன பொண்ணுங்களை ஆளெடுக்குறவங்கோ திருப்பி அனுப்புறாங்கோன்னு. கம்பெனி அப்படியெல்லாம் கெடையாதுன்னு மறுத்துச்சு. டெல்லியிலேருந்து தமிழ்நாட்டு அரசாங்கத்துகிட்ட அறிக்கை கேட்டாங்கோ. யாரு சொல்றது நெசம்னு பஞ்சாயத்து பண்ண நான் வரல. தாலியைக் கழட்டி பர்ஸுல போட்டுகினு இன்டர்வியூவுக்குக் கெளம்புற பொண்ணை எங்க தெருவுல நான் பாத்திருக்கேன். எந்தக் கம்பெனிக்குன்னு கேக்கல. புருஷன் வெளிநாட்டுக்குப் போனா கூட கழட்டாத தாலி.

பிரசவ லீவு குடுக்கணும்னு பயம்னு சிலரு சொல்றாங்கோ. 26 வாரம் லீவு, நெசம்தான். ஆனா 21,000க்குள்ள சம்பளம் வாங்குற பொண்ணுக்கு அந்த 26 வாரத் துட்டை ஈ.எஸ்.ஐ. குடுக்குது, முதலாளி கல்லாவுலேருந்து போறதில்ல. போறது லைன்ல ஒரு ஆளு, அவ்ளோதான். அதுக்கே இந்தப் பாடு. கோயம்புத்தூர், திருப்பூர் பக்கம் நூல் மில்லுங்கள்ல ஒரு காலத்துல இத்த விட நேர்மையா பண்ணாங்கோ. மூணு வருஷம் ஹாஸ்டல்ல இருந்து வேலை செய், கடைசியில கல்யாணத்துக்கு மொத்தமா துட்டுன்னு சொல்லி, அதுக்கு சுமங்கலித் திட்டம்னு மஞ்சள் குங்குமத்தோட பேரும் வெச்சாங்கோ. கூலியைப் புடிச்சு வெச்சுகினு சீர்வரிசைன்னு குடுத்தா வாங்குற கையும் கும்புடும்.

என் பேத்தி இங்கயே இன்ஜினியரிங் காலேஜுல படிக்கிறா. அவ சொன்னா, அமெரிக்காவுல கிளாடியா கோல்டின்னு ஒரு அம்மா, 2023ல நோபல் பரிசு வாங்கினவங்கோ, இருநூறு வருஷத்துக் கணக்கை நோண்டிப் பாத்து சொன்னாங்களாம். ஒரே படிப்பு, ஒரே வேலையில ஆணும் பொண்ணும் சமமா கெளம்புனாலும், முதல் கொழந்தை பொறந்ததும் பொம்பளை சம்பளம் பின்தங்கிப் பூடுதாம். நேரங்காலம் பாக்காம கூப்ட்டா ஓடி வர்றவனுக்குத்தான் வேலைங்கோ ஜாஸ்தியா குடுக்குதாம். இத்த எங்க வூட்டுக்காரி கிட்ட சொன்னேன். ‘இதுக்கா பரிசு? நான் 1978லயே சொன்னேனே’ன்னா. அப்போ நாத்து நடப் போனா அவளுக்குப் பாதிக் கூலி. மடியில புள்ளை இருந்தா அதுலயும் கழிவு.

அந்தப் பொண்ணுங்கோ தங்குற எடமும் சம்பளத்துல ஒரு பகுதிதான், அத்த மறந்துடாத. 2021 டிசம்பர்ல பூந்தமல்லி பக்கம் ஒரு ஹாஸ்டல்ல சாப்பாடு கெட்டு நூத்தம்பது பேருக்கு மேல ஆஸ்பத்திரியில படுத்தாங்கோ. ஃபாக்ஸ்கான்ல வேலை பாத்த பொண்ணுங்கோ. சம்பளம் பத்தலன்னு அவங்கோ ரோட்டுக்கு வரல. சோறும் படுக்கையும் சரியில்லன்னு வந்தாங்கோ. பெங்களூர் ரோட்டுல ராத்திரி பூரா உக்காந்து, உலகத்துல எத்தினியோ பேரு கையில இருக்கற போனுக்குப் பின்னாடி ஒரு சாம்பார் வாளி இருக்குதுன்னு காட்டிட்டாங்கோ. ஃபேக்டரி மூடி, 2022 ஜனவரியிலதான் தொறந்தது. அப்பால அரசாங்கமே எறங்கி வல்லம் வடகால்ல 706.50 கோடியில 18,720 பொண்ணுங்கோ தங்குற மாதிரி கட்டிக் குடுத்துச்சு. 2024 ஆகஸ்ட்டுல தொறந்தாங்கோ, ஃபாக்ஸ்கான் தலைவரே வந்தாரு. பேப்பர்ல படத்தைப் பாத்துட்டு எனக்கு ரெண்டு நாள் சோறு எறங்கல. 18,720 பேரு! ரூமுக்கு நாலுன்னு வெச்சா எத்தினி சப் மீட்டரு!

நல்ல காரியம்தான், ஒத்துக்கிறேன். ஆனா அந்த ஹாஸ்டல்ல எல்லாம் இருக்குது, ஒரு தொட்டில் கட்ட எடம் இல்ல. கல்யாணம் ஆனா ரூமைக் காலி பண்ணணும். வேலையும் ரூமும் ஒரே சாவியில தொங்குச்சுன்னா, அந்தச் சாவி உன் கையில இருக்கறதில்ல.

ஆம்பளைப் பசங்களுக்கு இன்னொரு சாவி இருக்குது, 480. தமிழ்நாட்டுல 1981ல ஒரு சட்டம் போட்டாங்கோ, 24 மாசத்துல 480 நாள் வேலை பாத்தவனைப் பெர்மனென்ட் ஆக்கணும்னு. அதுலேருந்து இந்த ரோட்டுல ஒரு விசித்திர நோய் பரவுச்சு. 400 நாள் தாண்டினதும் பசங்களுக்கு திடீர்னு பிரேக் வருது. கான்ட்ராக்ட்காரன் பேரு மாறுது. ஐடி கார்டு நம்பரு மாறுது. நேத்து வரைக்கும் நின்ன அதே மெஷின் முன்னாடி நீ புது ஆளா நிக்கற. எல்லாரும் பெருமாளுக்கு ஒண்ணுதான்னு சொன்ன ராமானுஜரு 1017ல பொறந்த ஊரு ஸ்ரீபெரும்புதூரு. அந்த ஊர்லதான் கழுத்துக் கயிறு கலரை வெச்சு டிரெய்னி, அப்ரென்டிஸ், கான்ட்ராக்ட், பெர்மனென்ட்னு நாலு வர்ணம் பிரிச்சிருக்கான். கேண்டீன்ல சோறு ஒண்ணுதான், அது வரைக்கும் புண்ணியம்.

இதுல உனக்கு ஒரு நல்ல சேதி சொல்றேன். பொண்ணு வூட்டுக்காரங்கோ முதல்ல கேக்கறது ஜாதகம் இல்ல, கயிறு இன்னா கலருன்னுதான். பெர்மனென்ட்னா பொண்ணு வரும், பொண்ணோட ரெண்டாவது சம்பளம் வரும், ரெண்டு சம்பளத்தைக் காட்டினா பேங்குல வூட்டுக் கடன் வரும். கான்ட்ராக்ட்னா பேங்கு மேனேஜரு உன்னை உக்காரச் சொல்ல மாட்டாரு, நீ நகையை அடமானம் வெக்கணும், நகை வேணும்னா கல்யாணம் ஆவணும், கல்யாணம் ஆவணும்னா பெர்மனென்ட் ஆவணும். 2024ல சாம்சங் பசங்கோ சுங்குவார்சத்திரத்துல 37 நாள் உக்காந்தாங்கோல்ல, சங்கம் வேணும்னு. பேப்பர்ல கொடியையும் பந்தலையும் படம் போட்டாங்கோ. அந்த 37 நாள் பந்தலுக்குப் பின்னாடி மாமியாரு வூட்டு அரிசியும் பொண்டாட்டி கம்மலும் இருந்துச்சு, அதுக்குப் படம் இல்ல. அங்க உக்காந்தவங்கோ நெறைய பேரு பத்து வருஷத்துக்கு மேல வேலை பாத்த பெர்மனென்ட் ஆளுங்கோ, குடும்பஸ்தங்கோ. உன்னை மாதிரி ஒத்தைக்கட்டை கான்ட்ராக்ட் பையன் மூணாவது நாளே ரூம் வாடகைக்கு பயந்து உள்ள பூந்திருப்பான். சங்கம் 2025 ஜனவரியில பதிவாச்சு.

நீ பிளாட்டு வாங்கப் போறேன்னு கேள்விப்பட்டேன். பரந்தூர் ஏர்போர்ட்டுக்குப் பத்தே நிமிஷம்னு புரோக்கர் சொன்னானா? ஏர்போர்ட் வர்றப்போ வரட்டும். 2022லேருந்து ஏகனாபுரத்துக்காரங்கோ நெலத்தைக் குடுக்க மாட்டோம்னு உக்காந்திருக்காங்கோ, இருக்கறவனுக்கே வேணாம்னு தோணுற எடத்துல நீ 600 சதுர அடிக்குத் தவணை கட்டப் போற. வேணாங்கல. சம்பளத்துல சேத்து யாரும் பெரிய மனுஷன் ஆனதில்ல, நெலம் ஏறித்தான் ஆனாங்கோ, என்னையும் சேத்துதான். ஆனா நான் நெலத்தை வாங்கல, பொறக்கும்போதே அது காலுக்குக் கீழ இருந்துச்சு. ஹூண்டாய் இங்க வந்ததுக்கு என் தெறமை காரணம் இல்ல. இத்த ஊர்ல சொல்லிடாத, ஊர்ப் பஞ்சாயத்துல எனக்கு நாற்காலி போடுறது அந்தத் தெறமையை நம்பித்தான்.

அதனால பிளாட்டை ரெண்டு வருஷம் தள்ளு. உன் வண்டித் தவணையை முதல்ல முடி. பி.எஃப். துட்டை கம்பெனி மாறும்போதெல்லாம் உருவித் தின்னாத, பழைய நம்பருக்கே மாத்திக்கோ. ஒரே எடத்துல அஞ்சு வருஷம் நின்னா கிராஜுவிட்டி வரும், உன் 12,000க்கு அது ஏறக்குறைய 34,600 ரூபா. எச்.ஆர்.ல அத்த யாரும் வாயைத் தொறந்து சொல்ல மாட்டாங்கோ, நீதான் எழுதிக் கேக்கணும். உங்க அம்மாகிட்ட அரிசி மூட்டைக்கு ஒரு கணக்கு நோட்டு போடச் சொல்லு. துட்டு திருப்பிக் குடுக்க இல்ல. அடுத்த வாட்டி ‘உனக்கு இந்தச் சம்பளம் போதுமே’ன்னு எவனாவது சொன்னா அந்த நோட்டை எடுத்து நீட்டறதுக்கு.

அப்பால, அந்தப் பொண்ணு விஷயம். வல்லம் ஹாஸ்டல்ல இருக்கறதா சொன்ன. கல்யாணம் ஆனா காலி பண்ணணும், மாடியில என் ஒத்தைப் போர்ஷன் காலியா இருக்குது, ரெண்டையும் சேத்துப் பாத்துட்டுத்தான் காலையிலேருந்து ‘பெருசு’ங்கிறதை வுட்டு ‘தாத்தா, தாத்தா’ங்கிற. வாடகை 9,000. ரெண்டு சம்பளம் வர்ற வூடு, அதனால அந்த ரேட்டு. புள்ளை பொறந்து ஒரு சம்பளம் நின்னா கொறைப்பீங்களான்னு கேக்காத, அப்போ தண்ணி ஜாஸ்தி ஆவும். அட்வான்ஸு பத்து மாசம். மூணு மாசம்னு சட்டம் இருக்குதே தாத்தான்னா? நான்தானே உனக்கு அந்தச் சட்டத்தைச் சொன்னேன்! சொல்லியிருக்கக் கூடாது. சரி, ஞாயித்துக்கெழமை அந்தப் பொண்ணை இட்டுனு வா, பேரத்தை அதுகிட்டயே பேசிக்கிறேன். உன்கிட்ட பேசினா சுலபமா முடிஞ்சுடும், எனக்கு மனசு கேக்காது. ஒண்ணு மட்டும், வர்ற வழியில என் தங்கச்சி வூட்டுப் பக்கமா வராத. அங்க கேட்டுல ‘டு லெட்’ போர்டு தொங்குது.